சாமி மேடைச் சுவிட்ச்

என் கணவர் பவித்ரனுக்கு ஆள் வைத்து வேலை வாங்குவது கௌரவக் குறைச்சல். குழாய் ஒழுகினாலும் கூரை ஒழுகினாலும் யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு அவரே ஏணி ஏறிவிடுவார். முக்கால்வாசி வேலை சரியாகத்தான் வரும். மீதிக் கால்வாசிக்குத் துணையாக நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சுங்கை சிப்புட்டில் என் மாமியார் வீட்டில் வைஃபை பெட்டி மாட்டிய அன்றும் அப்படித்தான் நின்றேன். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அந்தப் பெட்டியை ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் வாங்கினோம். பெர்த்தில் நடக்கப்போகும் தினேஸ்வரியின் கல்யாணத்தை அவள் அம்மா பார்க்க வேண்டும். தினேஸ்வரி பவித்ரனின் ஒரே தங்கை. அம்மாவும் மகளும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

சண்டை என்னிடமிருந்துதான் ஆரம்பித்தது என்றுகூடச் சொல்லலாம். நான் வேதக்காரி, ஈப்போவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். விவியன் என்று ஒரு மருமகளா என்று என் மாமியார் நவமணி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் சரியாகிவிட்டார். ஆனால் எங்கள் கல்யாணத்தில் பாட வந்த எங்கள் சர்ச் பையன் கோலினைத் தினேஸ்வரி விரும்புகிறாள் என்று தெரிந்ததும் வீடு ரெண்டுபட்டது. "மருமக வந்தா நம்ம வீட்டுக்கு வருது. மக போனா அவங்க சாமிகிட்ட போயிருது" என்றார் அத்தை. "அண்ணனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டாள் தினேஸ்வரி. நியாயமான கேள்விதான். கோலினுக்குப் பெர்த்தில் வேலை. அவளும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

நடுவில் தூது போனது நான். இங்கே பேசி, அங்கே பேசி, இரண்டு பக்கமும் திட்டு வாங்கி, கடைசியில் அத்தை ஒரு நாள் மரக்கறி நறுக்கிக்கொண்டே சொன்னார்: "ப்ளேன்ல எல்லாம் ஏறமாட்டேன். ஆனா மோதிரம் போடுறப்ப இங்கேருந்து அட்சதை போடுறேன். சொல்லிடு." அதைத் தினேஸ்வரியிடம் சொன்னபோது அவள் அழுத அழுகையில் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அம்மா போனை எடுக்கும் வரைக்கும் காத்திருக்கிறேன் என்று அங்கே ஃபாதரும் ஒத்துக்கொண்டார். பவித்ரன் பெர்த்துக்குப் போகவில்லை. "நான் பக்கத்துல இருந்தாத்தான் அம்மாவுக்குக் கடைசி நேரத்துல மனசு மாறாது" என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது.

அத்தையின் வீடு பழைய கித்தாத் தோட்டத்து ரப்பர் மரங்களை அழித்து வீடுகள் கட்டிய தாமானில், கடைசி வரிசை. பின்னால் குன்று. வீட்டுக்குள் கைப்பேசிக்கு லைன் கிடையாது, தெரு போய் ரோட்டில் சேரும் சடக்கு முனை வரைக்கும் நடந்தால்தான் இரண்டு கோடு தெரியும். இணையக் கம்பி வந்திருந்தது, ஆனால் கம்பெனிக்காரன் வைத்துவிட்டுப் போன பெட்டி வாசலில் செருப்பு அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. அதன் வைஃபை கூடத்தின் பாதிக்குக்கூட வராது. அத்தையோ கூடத்தின் கடைசியில் இருக்கும் சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்துதான் கல்யாணம் பார்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"அப்ப மேடைக்கு மேலயே ஒரு பெட்டி வச்சிருவோம். வீட்டுலயே அதுதான் உசரமான எடம்" என்றார் பவித்ரன்.

"குளிச்சிட்டு ஏறு. காலையில கோழி தின்னியா?"

"இல்லம்மா, ரொட்டி சானாய்தான்."

வாசல் பெட்டியிலிருந்து கூரையோரமாக வயரை இழுத்துக்கொண்டு வந்து, முருகன் படத்துக்குப் பின்னால் புதுப் பெட்டியை நிறுத்தினார். மின்சாரத்துக்கு எங்கே போவது? மேடைக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் கட்டை இருந்தது. அதில் சாமியின் சிவப்பு விளக்கும், நாள் முழுக்க மந்திரம் சொல்லும் சின்னப் பெட்டியும் ஓடின. மூன்றாவது ஓட்டை காலி. "இதுலயே குத்திடலாம். இன்னொரு ப்ளக் எடுக்கணும்னா செவுத்தை ஒடைக்கணும்" என்றார். எக்ஸ்டென்ஷன் கட்டையைக் கீழேயிருந்து தூக்கிப் பிடித்துக் கொடுத்தவள் நான். அந்த மூன்றுக்கும் சேர்த்து மேடைக்குப் பக்கத்தில், சுவரில் ஒரே ஒரு சுவிட்ச்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து போனில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். முதலில் வாசல் பெட்டியின் வைஃபையை அணைத்தார். இரண்டு பெயர் தெரிந்தால் அம்மா குழம்பிப்போவார்கள் என்றார். புதுப் பெட்டிக்கு 'நவமணி' என்று பெயர் வைத்தார்.

"என் பேரு காத்துல ஓடுதா?" என்றார் அத்தை. சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத முகம் அவருக்கு.

"பாஸ்வர்டு என்ன வைக்க? கோலின்னு வைக்கவா?"

"ஒதை வாங்குவே. பேசாம ஒன் காடி நம்பர் ப்ளேட்டுல உள்ளதையே வை."

அத்தையின் டேப்லட்டில் அதைப் பதிந்து, நான் சடக்கு முனைக்குப் போய் அழைத்துப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. தினேஸ்வரியையே ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்றேன். "அன்னைக்கே பார்த்துக்கிறேன்" என்று அத்தை சொல்லிவிட்டார். மேடைக்கு மேல் ஒரு பொருள் சும்மா உட்காரக் கூடாது என்று, நாங்கள் கிளம்பும் முன் நாற்காலியில் ஏறி அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பச்சை விளக்குக்கு மேலே சரியாக நடுவில் ஒரு பொட்டு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாகான் டத்தோவில் பிச்சைமுத்துச் சித்தப்பா இறந்துபோனார். மறைந்த என் மாமனாரின் தம்பி. குடும்பக் குழுவில் சேதி வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது தீட்டுதான். பங்காளி செத்தால் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் சாமி விளக்கு எரியக் கூடாது, நல்ல காரியத்தில் கலந்துகொள்ளக் கூடாது. நான் பயந்துகொண்டே அத்தையை அழைத்தேன். சடக்கு முனையில் நின்று பேசினார்.

"எம்மக கல்யாணத்துக்கு என்னாடி தீட்டு? நான் பார்க்கத்தான் போறேன். நீ அவகிட்ட ஏதும் சொல்லி மனசைக் கொழப்பாத."

சரி என்று நானும் தினேஸ்வரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை வெள்ளனவே ஈப்போவிலிருந்து கிளம்பி முதலில் சுங்கை சிப்புட்டுக்குப் போனோம். பங்காளி என்பதால் பவித்ரன் துக்க வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. அத்தைக்கு முட்டி வலி, அதனால் வராதது யாருக்கும் தப்பாகப் படாது. கல்யாணம் மூன்று மணிக்கு. பவித்ரன் டேப்லட்டைச் சோதித்து, மேடைக்கு முன்னால் சாய்த்து வைத்து, பச்சைப் பொத்தானை மட்டும் அமுக்கினால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். அத்தையின் அரக்குப் பட்டு நாற்காலி முதுகில் மடித்துக் கிடந்தது. மஞ்சள் அரிசி பித்தளைத் தட்டில் தயாராக இருந்தது.

பவித்ரன் காடியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டருகே நின்ற நான் திரும்பிப் பார்த்தபோது, கம்பிக் கதவு வழியே சிவப்பு விளக்கு தெரிந்தது. மந்திரமும் கேட்டது. எனக்குப் பக்கென்றது. பாகான் டத்தோவில் ஒரு பெரியத்தை இருக்கிறார், பங்காளி வீடுகளுக்கெல்லாம் மூத்தவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வேதக்காரப் புள்ளைக்கு இதெல்லாம் என்னா தெரியும்" என்பார். நாளைக்கு அவரோ அவர் ஆட்களோ இந்த வீட்டுக்கு வந்து, எரிகிற விளக்கைப் பார்த்தால் பேச்சு யார் தலையில் விழும்?

"அத்தை, சாமி வெளக்கு எரியுதே. தீட்டாச்சே, அணைச்சிடுங்க."

"ஐயோ, ஆமாவா. பொண்ணு நெனப்புல மறந்தே போனேன் பாரு. நல்ல வேளை சொன்னே."

உள்ளே போய்விட்டார். நானும் காடியில் ஏறினேன். அந்த எக்ஸ்டென்ஷன் கட்டை என் கையில் இருந்ததை நான் நினைக்கவே இல்லை. சொல்லப்போனால் போகும் வழியெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த வீட்டில் பிறந்தவர்களே மறந்ததை நான் ஞாபகப்படுத்தியிருக்கிறேனே.

பாகான் டத்தோவில் ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டுக்கு முன் போட்டிருந்த கூடாரத்தில் உட்கார்ந்திருந்தோம். என் போன் சத்தம் அணைத்துக் கைப்பைக்குள் இருந்தது. அத்தை இந்நேரம் தட்டை எடுத்து மடியில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பெரியத்தை என் பக்கம் திரும்பி, "ஒங்க மாமியார் வீட்டுல சாமி வெளக்கெல்லாம் அணைச்சாச்சா?" என்று கேட்டார்.

"காலையிலயே நான்தான் ஞாபகப்படுத்தினேன் பெரியத்தை."

"பரவால்லையே" என்றார் அவர், பக்கத்தில் இருந்தவர்களையும் பார்த்து. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருடமாகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மணி அப்போது மூன்றைத் தாண்டியிருந்தது.

ஆண்கள் திரும்பிய பிறகு காடிக்கு வந்து போனை எடுத்தேன். அத்தையிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். குடும்பக் குழுவில் தினேஸ்வரி எழுதியிருந்தாள்:

"அம்மாவுக்குத் தீட்டு முக்கியம்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொத்த சர்ச்சும் அம்மா எடுப்பாங்கன்னு பார்த்துக்கிட்டே நின்னுச்சு. கோலின் அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பரவால்லம்மா, விடுன்னு சொன்னாங்க. இனிமே யாருக்கும் நான் சூசா, தொந்தரவு எதுவும் கொடுக்கமாட்டேன்."

அதற்குக் கீழே அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள் என்று சாம்பல் எழுத்தில் ஒரு வரி. என் அழைப்பை அவள் எடுக்கவில்லை. அத்தைக்கும் போகவில்லை, அவர் வீட்டுக்குள் இருந்தார்.

திரும்பும் வழியில் செம்பனைக் காடுகள் முடியும் இடத்தில் பவித்ரன் ஸ்டியரிங்கைக் குத்தினார். "கடைசி நேரத்துல பயந்துக்கிச்சுலா அம்மா. நான் இருந்திருக்கணும்." நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தை தீட்டுக்குப் பயந்து எடுக்காமல் இருந்துவிட்டார் என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். வெளிக்குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனோம். அத்தை பழைய சேலைக்கு மாறியிருந்தார், தலையில் வைத்த மல்லிகையை மட்டும் எடுக்கவில்லை. மஞ்சள் அரிசி தட்டோடு அப்படியே இருந்தது.

"வரலப்பா" என்றார். "சுத்திக்கிட்டே இருந்துச்சு. பச்சைப் பொத்தானே வரல. அவ நம்பரு எங்கிட்ட ஏது? சரின்னு சடக்கு முனைக்கு ஓடி ஒங்களைக் கூப்பிட்டேன். திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன். நேரம் போயிருச்சு."

முட்டி வலிக்காரர், பட்டுச் சேலையோடு சடக்கு முனைக்கு ஓடியிருக்கிறார். அந்த நேரத்தில்தான் நான் கூடாரத்தில் உட்கார்ந்து பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"சாமி வேணாம்னுட்டாரு" என்றார் அத்தை. "தீட்டோட நல்ல காரியம் பார்க்க ஆசைப்பட்டேன்ல. அதான்."

பவித்ரன் நேரே மேடைக்குப் போனார். முருகன் படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது, அதற்குக் கீழே பச்சை விளக்கு இல்லை. சிவப்பு விளக்கும் இல்லை, மந்திரமும் இல்லை. அவர் பார்வை வயரோடு கீழே இறங்கிச் சுவர் சுவிட்சில் வந்து நின்றது. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வெளக்கை அணைக்கிறப்ப இதுவும் போயிருக்கு" என்றார் தணிந்த குரலில். "நான் அதுல குத்தியிருக்கவே கூடாது. ஒரு செவுத்தை ஒடைக்கச் சோம்பேறித்தனம்."

நான்தான் அணைக்கச் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கை சுவிட்சுக்குப் போய் அங்கேயே நின்றது. அதை அமுக்கினால் சாமி விளக்கு எரியும், மந்திரம் பாடும். எக்ஸ்டென்ஷனிலிருந்து பிடுங்கலாம் என்றால் தீட்டோடு மேடையைத் தொட வேண்டும். சத்தமில்லாமல் சரிசெய்ய ஒரு வழியும் இல்லை. கையை எடுத்துக்கொண்டார்.

"லைன் போயிருக்கும்மா. கம்பெனி பக்கம் ஏதோ பிரச்சினை" என்றார்.

"கம்பெனி இல்லப்பா. எனக்குத் தெரியும்." அத்தை தலையிலிருந்து பூவை எடுத்து மேசையில் வைத்தார். "இனிமே அவளைக் கூப்பிடாதீங்க. நான் பார்க்காம இருந்தாத்தான் அவளுக்கு நல்லதுன்னா, நான் பார்க்கல. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார், அரிசியைக் கோழிக்குப் போடப் போகிறார் என்று தெரிந்தது. பவித்ரன் தடுக்கவில்லை. அம்மாவின் கையால்தான் நின்றுபோனது என்று சொல்வதைவிடச் சாமி தலையில் போட்டுவிட்டுப் போகட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கும் அது வசதிதான். ஆனால் அந்த அரிசி கோழிக்குப் போய்விட்டால் அம்மாவும் மகளும் இனி இந்த ஜென்மத்தில் பேசமாட்டார்கள்.

"அத்தை, நில்லுங்க."

நின்றார்.

"சாமி இல்ல அத்தை. நான்தான். வெளக்கும் வைஃபையும் ஒரே சுவிட்சு. காலையில நான் அணைக்கச் சொன்னேன்ல, அப்ப அதுவும் அணைஞ்சிருச்சு. எனக்குத் தெரியும் அத்தை, அந்தக் கட்டையை நான்தான் தூக்கிப் பிடிச்சேன். பெரியத்தை ஏதாச்சும் சொல்லுவாங்களோன்னு..."

அத்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தட்டோடு திரும்பி வந்து சுவிட்சையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, சாமி ஒண்ணும் சொல்லலையா?"

"சாமி ஒண்ணும் சொல்லல அத்தை."

"நெசமாத்தானே?"

"நெசமா."

தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மந்திரப் பெட்டி ஆரம்பத்திலிருந்து பாடத் தொடங்கியது. பவித்ரன் பதறிப்போய், "ம்மா, தீட்டும்மா" என்றார்.

"எரியட்டும். அவளுக்குப் போடு."

பெட்டி உயிர் வருவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பச்சை விளக்கு நிலைத்ததும் பவித்ரன் அழைத்தார். அவள் எடுக்கவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றார் அத்தை. மறுபடியும் எடுக்கவில்லை. "போடு." கடைசியில் கோலினுக்கே அழைத்தார். கோட்டைக் கழற்றிய கோலின், பின்னால் பாட்டும் சிரிப்பும் கேட்க, திரையில் தெரிந்தான். அத்தையைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "ஆன்ட்டி, வச்சிடாதீங்க, ப்ளீஸ், ஒரு நிமிஷம்" என்று ஓடினான்.

வெள்ளைச் சேலையில் தினேஸ்வரி வந்தாள். கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. அத்தை ஒரு பிடி மஞ்சள் அரிசியை எடுத்துத் திரைமேல் போட்டார். இன்னொரு பிடி எடுத்துப் போட்டார். டேப்லட்டில் பட்டு அரிசி மேசையெல்லாம் சிதறியது. அந்தப் பக்கம் தினேஸ்வரி தலையைக் குனிந்தாள். சாமி விளக்கின் சிவப்பு டேப்லட் கண்ணாடியில் பட்டு, அவள் உச்சந்தலையில் விழுந்ததுபோலத் தெரிந்தது.

"ஏம்மா அப்ப எடுக்கல?" என்றாள் நிமிர்ந்து, சின்னப் பிள்ளைக் குரலில்.

"வெளக்கு சுவிட்சை அணைச்சேன்டி. அதோட இதுவும் செத்துப்போச்சு. எனக்கு எங்க தெரியும்? நான் அரிசியை வச்சிக்கிட்டு இங்கேயேதான் உக்காந்திருந்தேன்."

"யாரும்மா அணைக்கச் சொன்னது? அந்தப் பெரியத்தைதானே? அவங்களுக்கு நான் எந்தக் காலத்துலயும் ஆகாது."

நான் அத்தைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கேமராவில் விழாத இடம். ஒரு எட்டு எடுத்து வைத்தால் அவளுக்குத் தெரிவேன். பவித்ரன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல" என்றார். "எனக்கே தோணுச்சு. கெழவி புத்தி, விடு. எங்க, மோதிரத்தைக் காட்டு."

தினேஸ்வரி கையைத் தூக்கிக் காட்டினாள். அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை நெருங்கிப் பார்த்தார். நான் அந்த ஒரு எட்டை எடுத்து வைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பவித்ரன் வாழ்க்கையில் முதல் முறையாக ஆள் வைத்தார். எலக்ட்ரீசியன் வந்து சுவரை உடைத்து, வைஃபை பெட்டிக்கென்று தனியாக ஒரு ப்ளக் வைத்துக் கொடுத்தார். பெட்டி மேடைக்கு மேலேயேதான் இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் அத்தை அதற்குப் புதுப் பொட்டு வைக்கிறார். தீட்டு நாளில் விளக்கு எரிந்த கதை பெரியத்தை காதுக்கு எப்படியோ போய்விட்டது. "என்னாதான் இருந்தாலும் மருமகதான் அந்த வீட்டுல ஒழுங்கு" என்றாராம். அந்தப் பாராட்டும் என் கணக்கில்தான் வந்து சேர்ந்தது.

தினேஸ்வரி குழுவுக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிறுதோறும் நாங்கள் அத்தை வீட்டுக்குப் போயிருக்கும்போது அழைக்கிறாள். அம்மாவும் மகளும் கோலினுக்குப் பிடித்த குழம்பு வரைக்கும் பேசிவிட்டு, கடைசியில் டேப்லட் என் கைக்கு வரும். போன வாரமும் வந்தது.

"அண்ணி, நீங்க மட்டும் இல்லன்னா அம்மா என்கூடப் பேசியிருக்கவே மாட்டாங்க. நீங்கதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றாள்.

அத்தை மேடைக்கு முன்னால் பூ கட்டிக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி கட்ட ஆரம்பித்தது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லலா" என்று சொல்லி டேப்லட்டை அவரிடமே கொடுத்துவிட்டு, அணைந்திருந்த அடுப்பைப் பார்க்கப் போனேன்.